மந்திரிக்காத மண்

என் அப்பா வேண்டாம் என்று சொன்னார். இதை முதலில் சொல்லிவிடுகிறேன். எங்கள் ஊரில் இன்றைக்கும் யாரைக் கேட்டாலும், கடைசி நேரத்தில் அவர் மனம் திரும்பி நல்ல மரணம் அடைந்தார் என்றுதான் சொல்வார்கள். சுத்தப் பொய். அவர் மகள் நான், கட்டில் பக்கத்திலேயே நின்றேன். யாருக்கு எப்படி வருத்தமாக இருந்தாலும் சரி, நான் பார்த்ததைத்தான் எழுதப்போகிறேன்.

ஆவூர்ப் பக்கத்தில் ஒரு சின்ன ஊர் எங்களுடையது. ஊரில் பாதிப் பேர் வேதக்காரர்கள், கத்தோலிக்கக் கிறிஸ்தவர்கள். மேற்கே ஓட்டுக்கூரை போட்ட ஒரு கோயில், அதை ஒட்டிக் கல்லறைத் தோட்டம், தோட்டத்தைச் சுற்றி இடுப்பளவு சுவர். சுவருக்கு உள்ளே இருப்பது சாமியார், அதாவது பாதிரியார், மந்திரித்த மண். வெளியே கள்ளியும் கற்றாழையும் கிடக்கும் மண். எங்கள் வீட்டுச் சண்டை முழுவதும் அந்த இடுப்பளவுச் சுவரைப் பற்றியதுதான்.

சமஸ்தானம் போய் புதுக்கோட்டை இந்தியாவோடு சேர்ந்த வருஷம் எனக்கு ஒரு தம்பி பிறந்தான். எனக்கு ஆறு ஏழு வயது இருக்கும். பிறந்த பிள்ளை அழவில்லை. மூச்சை மட்டும் இழுத்து இழுத்து விட்டுக்கொண்டிருந்தது. மருத்துவச்சி வேதக்காரி இல்லை, ஆனாலும் விவரம் தெரிந்தவள். வெளியே வந்து, "நிக்காது போல இருக்குங்க. ஒங்க ஆளுகளைக் கூட்டியாங்க" என்றாள். சாமியார் ஆவூரில் இருந்தார். எங்கள் ஊருக்கு உபதேசியார்தான் எல்லாம். செபம் சொல்வார், பிள்ளைகளுக்கு ஞான உபதேசம் படித்துக்கொடுப்பார், ஆபத்து என்றால் ஞானஸ்நானம் கொடுப்பார். அந்த உபதேசியார் வேறு யாரும் இல்லை, ஆத்தாவின் கூடப்பிறந்த அண்ணன், என் தாய்மாமன். அப்பா மேல்துண்டுகூட இல்லாமல் ஓடினார். நானும் பின்னாலேயே ஓடினேன்.

மாமா வீட்டில் செபமாலை நடந்துகொண்டிருந்தது. அப்பா வாசலில் நின்று கூப்பிட்டார். மாமா முழங்காலில் இருந்தபடியே திரும்பிப் பார்த்து, "கடைசிப் பத்து மணி உருட்டுறதுதான் பாக்கி மச்சான், பாதியில எந்திரிக்கக் கூடாது. முடிச்சுட்டு வந்துர்றேன்" என்றார். முடித்துவிட்டுத்தான் வந்தார். சட்டையை மாற்றிக்கொண்டு வேறு வந்தார். அதற்குள் தம்பி போய்விட்டான்.

ஞானஸ்நானம் வாங்காத பிள்ளைக்கு மந்திரித்த மண்ணில் இடம் கிடையாது. மாமா சொன்னார், ஆவூரிலிருந்து சாமியாரும் அதையே சொல்லி அனுப்பினார். அப்பா மண்வெட்டியை எடுத்துக்கொண்டு போனார். சுவருக்கு வெளியே கள்ளி ஓரமாகத் தானே குழி வெட்டினார். நரி தோண்டிவிடாமல் மேலே கல் அடுக்கினார். கையைத் துடைத்துக்கொண்டு மாமாவிடம் வந்து நின்றார்.

"எம் பிள்ளைக்கு இல்லாத உள்ளு எனக்கும் வேணாம் மச்சான். நான் செத்தா இங்கிட்டுத்தான் பொதைக்கணும். இப்பவே சொல்லிட்டேன்."

அதோடு அப்பா கோயில் படியை மிதிக்கவில்லை. சாமி இல்லை என்று சொல்லித் திரிந்தவர் என்று நினைத்துவிடாதீர்கள். வீட்டில் சாயங்கால செபத்துக்கு எங்களோடு மண்டி போடுவார். விதை போடும்போது நெற்றியில் சிலுவை அடையாளம் போட்டுக்கொள்வார். ஞாயிற்றுக்கிழமை ஆவூர்ச் சாமியார் பூசை வைக்க வரும்போது, அப்பா எங்களைக் கூட்டிக்கொண்டு கோயில் வரைக்கும் வருவார். நாங்கள் உள்ளே போவோம், அவர் சுவரைச் சுற்றிப் போய்த் தம்பி பக்கத்தில் உட்கார்ந்துகொள்வார். பூசை முடிந்து நாங்கள் வெளியே வரும்போது வேட்டியைத் தட்டிக்கொண்டு எழுந்து வருவார். வருஷா வருஷம் ஈஸ்டர் என்கிற பாஸ்காத் திருநாளுக்கு முன்னால் மாமா வந்து, சாமியாரிடம் பாவத்தைச் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் பண்ணிவிட்டு, நன்மை என்கிற திவ்விய அப்பம் வாங்கச் சொல்லிக் கெஞ்சுவார். அப்பா மோர் கொடுத்து உபசரிப்பார். "கோவமெல்லாம் இல்ல மச்சான். வேணாம், அம்புட்டுத்தான்" என்பார்.

எனக்குப் பத்து வயது வாக்கில் மாமாவிடம் ஞான உபதேசம் படிக்கப் போனேன். கோயில் தாழ்வாரத்தில் வரிசையாக உட்காரவைத்து, அவர் சொல்லச் சொல்ல நாங்கள் திருப்பிச் சொல்ல வேண்டும். ஒரு நாள் ஞானஸ்நானப் பாடம் வந்தது. ஆபத்து வேளையில் யார் வேண்டுமானாலும் தண்ணீர் ஊற்றி ஞானஸ்நானம் கொடுக்கலாம், ஆணோ பெண்ணோ, வேதத்தில் சேராத அஞ்ஞானியாக இருந்தாலும் சரி, செல்லும் என்றார். எல்லோரும் ராகம் போட்டுத் திருப்பிச் சொன்னார்கள். நான் மட்டும் எழுந்து நின்றேன்.

"அப்ப எங்க வீட்டுப் பானைத் தண்ணிய மருத்துவச்சியே ஊத்தியிருந்தாப் போதுமா மாமா?"

பதில் கன்னத்தில் விழுந்தது.   ஊரில் ஒவ்வொரு வீட்டிலும் சொல்லிக்கொடுக்க வேண்டிய பாடம் அது. பெரியவர்களிடம் அதைச் சொல்லிவைத்திருந்தால் அப்பா எதற்கு ஓடுகிறார்? ஆபத்து என்றால் ஊரே தன் வாசலில் வந்து நிற்க வேண்டும், அந்தப் பவிசு போய்விடக் கூடாது. எனக்கு மாமாவைப் பற்றி வேறு விளக்கம் எதுவும் இன்றுவரை தோன்றவில்லை.

அடி வாங்கிய பாடத்துக்கு அடுத்த பாடம் இஷ்டப்பிரசாதம். நாம் சம்பாதிக்காமலே கடவுள் தரும் அருளுக்கு அந்தக் காலத்தில் அதுதான் பெயர். சர்வேசுரன் அதை எல்லோருக்கும் கொடுக்கிறார், ஆனாலும் மனுஷனுக்கு மனச் சுயாதீனம் இருக்கிறது, அவன் வேண்டாமென்று தள்ளினால் சர்வேசுரன் பலவந்தம் பண்ணுவதில்லை என்று மாமா சொல்லிக்கொடுத்தார். அந்த ஒன்றை மட்டும் நன்றாக மனதில் ஏற்றிக்கொண்டேன். எங்கள் அப்பா அப்படியானால் சரியாகத்தான் இருக்கிறார், கடவுளே ஒத்துக்கொண்டதற்கு இவர்கள் யார் குறுக்கே என்று எனக்கு ஒரே தெம்பு.

எனக்குப் பதினாறு பதினேழு வயதில், கொல்லையில் கடலை பிடுங்கிக்கொண்டிருந்த அப்பா அப்படியே சாய்ந்தார். வண்டி கட்டி, மெயின் ரோட்டில் பஸ் பிடித்து, புதுக்கோட்டை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். வாதம் என்றார்கள். வலது கை, வலது கால் இரண்டும் போய்விட்டன. பேச்சும் போய்விட்டது. கொஞ்ச நாள் வைத்திருந்துவிட்டு வீட்டுக்குக் கூட்டிப்போகச் சொல்லிவிட்டார் டாக்டர்.

அப்பாவுக்கு மிச்சம் இருந்தது இடது கை. அது நன்றாக வேலை செய்தது. டம்ளர் பிடிக்கும், ஈ விரட்டும், என் தலையில் குட்டும். சரி என்றால் நம் விரலைப் பிடித்து ஒரு அழுத்து அழுத்துவார். வேண்டாம் என்றால் உள்ளங்கையை விரித்து இப்படியும் அப்படியும் ஆட்டுவார். கஞ்சியில் உப்புக் குறைந்தால்கூட அந்தக் கையாலேயே ஆத்தாவைத் திட்டினார். அவர் சொன்னது புரியவில்லை என்று எங்கள் வீட்டில் யாரும் சொல்ல முடியாது.

ஆத்தா ஆள் அனுப்பி ஆவூர்ச் சாமியாரை வரவழைத்தாள். பழைய சாமியார் மாறிப்போய் இவர் புதிதாக வந்தவர். சின்ன வயது, சைக்கிளில் வருவார், யாரைப் பார்த்தாலும் சிரிப்பார். நல்ல மனுஷர். எனக்கு எரிச்சலே அதில்தான். கெட்டவராக இருந்திருந்தால் திட்டித் தீர்த்துவிட்டு மறந்துபோயிருப்பேன்.

அவர் பாயில் உட்கார்ந்து அப்பாவின் முகத்துக்கு நேராகக் குனிந்து பேசினார். "பேச முடியாதுன்னு தெரியும். மனசுக்குள்ள வருத்தப்பட்டாப் போதும். அவஸ்தைப் பூசுதல் குடுக்கவா?" சாகப்போகிறவர்களுக்கு மந்திரித்த எண்ணெய் பூசும் சடங்கு அது. அதை வேண்டாமென்று தள்ளிச் செத்தவருக்கும் மந்திரித்த மண்ணில் இடம் கிடையாது. அப்பா கையை விரித்து ஆட்டினார். சாமியார் இன்னொரு தடவை கேட்டார். அப்பா இன்னொரு தடவை ஆட்டினார்.

"அவுகளுக்கு நெனவு சரியில்ல சாமி. நீங்க பூசிருங்க" என்று ஆத்தா அழுதாள்.

"நினைவு நல்லாத்தாம்மா இருக்கு. வேணாங்கிறவருக்குக் கட்டாயப்படுத்திக் குடுத்தா அது பலிக்காது. மனசு மாறினா ஒரு அடையாளம் காட்டட்டும், எந்நேரமானாலும் வாரேன்" என்று சொல்லிவிட்டுச் சைக்கிளை எடுத்தார். அன்றைக்கு அவர் காலில் விழுந்திருப்பேன், அத்தனை சந்தோஷம் எனக்கு.

ஆத்தா விடவில்லை. வேளாங்கண்ணிக்கு முடி நேர்ந்தாள். அந்தோணியாருக்கு மெழுகுவத்தி நேர்ந்தாள். இடது கையில் செபமாலையைத் திணித்துப் பார்த்தாள், அப்பா வாங்கி மார்பில் வைத்துக்கொண்டார். செபமாலை வேண்டாம் என்று அவர் என்றைக்குச் சொன்னார்? ஒரு நாள் நேராகவே கேட்டாள்: "செத்தும் அங்கிட்டு வெளியே கெடக்கணுமா? அதான் ஒங்க ஆசையா?" அப்பா அவள் விரலைப் பிடித்து அழுத்தினார். ஆத்தா கையை வெடுக்கென்று உருவிக்கொண்டு அடுப்படிக்குப் போய்விட்டாள். நான் கட்டிலில் உட்கார்ந்து, "நான் பாத்துக்கிறேம்ப்பா. அங்கிட்டுத்தான்" என்றேன். என் விரலையும் அழுத்தினார். வலிக்கிற மாதிரி அழுத்தினார்.

சில நாளில் அப்பாவுக்கு மூச்சு கரகரக்க ஆரம்பித்தது. கண் பாதி மூடியே இருந்தது. மத்தியான நேரம், மாமா தானே போய்ச் சாமியாரைக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டார். என்னை யாரும் கேட்கவில்லை. கட்டிலின் வலது பக்கத்தில் ஆத்தா உட்கார்ந்து, அப்பாவின் வலது கையைத் தன் இரண்டு கைகளுக்குள்ளும் பொத்தி வைத்திருந்தாள்.

சாமியார் குனிந்து உரக்கக் கேட்டார். "பாவங்களுக்காக மனஸ்தாபப்பட்டு, பூசுதல் வாங்க விரும்புனா கையை அழுத்துங்க."

அப்பா அசையவில்லை.

"அழுத்துனாக சாமி" என்றாள் ஆத்தா.

அடிப்பாவி என்று எனக்கு வாய்வரைக்கும் வந்துவிட்டது. "அது வராத கை சாமி! அந்தக் கையில உசுரே இல்ல, வாதம் வந்த நாளா அது அசையல. இங்கிட்டு வந்து இந்தக் கையைப் பிடிச்சுக் கேளுங்க" என்று கத்தினேன்.

"வாயை மூடு கழுத. பெரியவங்க பேசுறப்ப" என்றார் மாமா.

சாமியாருக்குத் தெரியாமல் இருக்குமா? ஆஸ்பத்திரிக் கதை முழுவதும் கேட்டவர்தானே? அவர் ஆத்தா முகத்தைப் பார்த்தார். ஆத்தா கண்ணைத் தாழ்த்தவில்லை. "அழுத்துனாக" என்று மறுபடியும் சொன்னாள். சாமியார் எண்ணெய்ச் சிமிழைக் கையில் எடுத்தார். அப்புறம் என் பக்கம் திரும்பி, அதே சிரித்த முகத்தோடு, "தேவ இஷ்டப்பிரசாதத்துக்கு வர்ற கை, வராத கைன்னு எதுவும் கிடையாதும்மா" என்றார். சிமிழைத் திறந்துவிட்டார்.

கண்ணில் பூசினார், காதில் பூசினார், மூக்கில், உதட்டில் பூசினார். வாய்க்குள் லத்தீனில் ஏதோ முணுமுணுத்தார். வலது உள்ளங்கையை ஆத்தா தானே விரித்துக் காட்டினாள். அடுத்து இடது கை. அந்தக் கை மூடிக்கொண்டது. விரல் ஐந்தும் இறுகி, கணு வெளுத்து, கல் மாதிரி மூடிக்கொண்டது. சாமியார் மெதுவாக விரித்துப் பார்த்தார், முடியவில்லை. நினைவில்லாதவர் கையை ஏன் மூடுகிறார்? மாமா குனிந்து ஒவ்வொரு விரலாகப் பிரிக்க ஆரம்பித்தார். நான் மாமாவின் மணிக்கட்டைப் பிடித்து இழுத்தேன். என்னை முழங்கையால் தள்ளினார், சுவரில் போய் மோதினேன். கடைசி விரலையும் பிரித்துவிட்டுக் கையை அழுத்திப் பிடித்துக்கொண்டு, "பூசுங்க சாமி" என்றார். பூசினார்.

மாமா பிடியை விட்டதும் அப்பா அந்தக் கையைக் கட்டில் சட்டத்துக்குக் கொண்டுபோனார். உள்ளங்கையை மரத்தில் வைத்துத் தேய்த்தார். எண்ணெய் போகிற வரைக்கும் தேய்த்தார். மூன்று பேரும் பார்த்தார்கள்.  சாமியார் புத்தகத்தை மூடிக்கொண்டு வெளியே போய்விட்டார்.

நான் பின்னாலேயே போய்ச் சைக்கிளைப் பிடித்துக்கொண்டேன். "கட்டாயத்துல குடுத்தாப் பலிக்காதுன்னு நீங்கதான சொன்னீங்க?"

"சந்தேகம்னு வந்தா ஆத்துமாவுக்கு நல்லது எதுவோ அந்தப் பக்கம் சாயணும்மா. எங்களுக்கு அப்படித்தான் படிச்சுக்குடுத்திருக்காங்க."

"ஒங்களுக்குச் சந்தேகமா சாமி? நெசமாச் சொல்லுங்க."

அவர் சிரிக்கவில்லை. அன்றைக்குத்தான் அவர் முகம் எனக்கு மனுஷ முகமாகத் தெரிந்தது. ஆனால் சைக்கிளை மிதித்துக்கொண்டு போய்விட்டார்.

மறுநாள் அப்பா செத்துப்போனார். கோயில் மணி அடித்தார்கள், கறுப்பு அங்கி போட்டுப் பூசை வைத்தார்கள், மாமா எல்லோரையும் விட உரக்கப் பாடினார். நான் சுவருக்கு வெளியே தம்பியின் கல்மேல் ஏறி நின்றுகொண்டு, "இங்கதான் கேட்டாரு! இங்கிட்டுக் கொண்டாங்க!" என்று தொண்டை கிழியக் கத்தினேன். துக்கத்தில் புத்தி பேதலித்துவிட்டது என்று இரண்டு பெண்கள் என்னைத் தூக்கிக்கொண்டு போனார்கள். அப்பாவைச் சுவருக்கு உள்ளே புதைத்தார்கள்.

துக்கம் கேட்க வந்தவர்கள் எல்லாம் போன பிறகு ஆத்தாவிடம் கேட்டேன், ஏன் பொய் சொன்னாய் என்று. அவள் கடலை உடைத்துக்கொண்டிருந்தாள். கை நிற்கவில்லை.

"பொய்தான். அதுக்கு இப்ப என்னாங்கிற?"

"மோட்சத்துக்கு அனுப்புனியாக்கும்?"

"மோட்சத்தை நான் கண்டேனா? எங்கண்ணனுக்கு வேணும்னா மோட்சம். அந்தப் பிள்ளையைப் பெத்தவ நான்டி. வாராவாரம் அவுக மட்டும் போய் அதுகூட உக்காந்தாக. நீயும் வாடின்னு ஒரு நாள், ஒரே ஒரு நாள், என்னையக் கூப்பிட்டாகளா? அவுக ரோசம் அவுகளுக்கு. நான் உள்ள மண்டி போட்டுக்கிட்டு, அண்ணன் மூஞ்சியையும் பாத்துக்கிட்டு, கேக்காத காதுல பூசை கேட்டுக்கிட்டுக் கெடந்தேன். செத்தப்புறமும் அவுக அங்கிட்டு, நான் இங்கிட்டா? நல்லாருக்கே நாயம்."

 அவள் சொன்னது நியாயமாகக்கூட இருந்தது. அதனாலேயே அவள்மேல் கோபம் இரண்டு மடங்கானது. நியாயம் இருந்தால் அதை உயிரோடு இருந்த மனுஷனிடம் சண்டை போட்டுக் கேட்டிருக்க வேண்டும். பேச முடியாமல் கிடக்கிறவர் கையை விரித்தா கேட்பது? நான் புதுக்கோட்டைக்கு டீச்சர் ட்ரெய்னிங் போனேன், அங்கேயே வேலையும் கிடைத்தது. லீவுக்கு வந்தாலும் அவளோடு முகம் கொடுத்துப் பேசியதில்லை.

பூசை லத்தீனிலிருந்து தமிழுக்கு மாறிய சமயம் ஆத்தாவுக்கு வயிற்றில் கட்டி வந்தது. பிழைக்கமாட்டாள் என்று தெரிந்ததும் ஊருக்குப் போனேன். வேறு சாமியார் வந்து பாவசங்கீர்த்தனம் கேட்டார். எண்ணெய்க்கு இரண்டு கையையும் அவளே நீட்டினாள். எல்லாம் முடிந்ததும் சாமியாரை நிற்கச் சொன்னாள். மாமாவும் இருந்தார், கிழடாகிப் போயிருந்தார்.

"என்னைய உள்ள பொதைக்க வேணாம். வெளியே எம் பிள்ளைகிட்டப் பொதைங்க."

"கிறுக்குப் பிடிச்சுருச்சா ஒனக்கு? வாராவாரம் நன்மை வாங்குறவ நீ" என்று மாமா பதறினார்.

"இந்தத் தடவை கையைப் பிடிச்சுப் பாக்க வேணாம்ண்ணே. வாயாலயே சொல்றேன்."

சாமியார், அப்படியானால் அந்தக் குழியை மட்டுமாவது மந்திரித்துத் தருகிறேன், திருச்சபைச் சட்டத்தில் இடம் இருக்கிறது என்றார். ஆத்தா தலையை ஆட்டினாள். "வேணாம் சாமி. மந்திரிக்காத மண்ணுலதான் அது கெடக்கு. எனக்கும் அந்த மண்ணே போதும்."

அவர்கள் போன பிறகு என்னால் அடக்க முடியவில்லை. சாகக் கிடக்கிறவள் என்றுகூடப் பார்க்காமல் கேட்டேன்: "அப்பாவை உள்ள தள்ளிட்டு நீ மட்டும் வெளியே போறியா?"

"ஆமா. அம்புட்டு வருசம் அவுக அதுகூட இருந்தாகல்ல? இப்ப எம் முறை" என்றாள்.

மாமா கடைசிவரை முறுக்கிக்கொண்டு நின்றார். நான் விடவில்லை. ஆள் வைத்துக் கள்ளியை வெட்டி, தம்பியின் கல்லுக்குப் பக்கத்தில் குழி தோண்டி, அவள் சொன்னபடியே அடக்கம் பண்ணினேன். அவள் வாயால் கேட்டாள், கிடைத்தது. அதே இடத்தை அப்பாவும் கேட்டார். அவர் இன்னும் உள்ளேதான் கிடக்கிறார், தனியாக.